நீண்ட பயணத்தில் கால் வீக்கம்: அம்மாவுக்கு எந்த ஸ்டாக்கிங்ஸ், அப்பாவுக்கு ஏன் இப்போது வேண்டாம்

நீங்கள் கேட்டது இது. அம்மாவுக்கு 62 வயது, தங்கையின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாரிஸ் போகிறார். பெங்களூருக்குப் பஸ்ஸில் போய் இறங்கினாலே செருப்பு ஏறாத அளவுக்கு இரண்டு கணுக்காலும் வீங்கிவிடுகிறது. மருந்துக் கடையில் கேட்டால் "வெரிகோஸ் சாக்ஸ், எல் சைஸ் சரியா இருக்கும்" என்று எடுத்து வைக்கிறார்கள், பாரிஸ் மாப்பிள்ளை "இங்கேயே கிளாஸ் 2 வாங்கி அனுப்புறேன்" என்கிறார். எதை வாங்குவது, முட்டிவரை போதுமா தொடைவரை வேண்டுமா, பல வருடமாகச் சர்க்கரை இருக்கிற அப்பாவும் ஒரு ஜோடி போட்டுக்கொள்ளலாமா, அம்மாவுக்கு ஒரு ஜோடி போதுமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவரம். அம்மாவுக்கு முட்டிக்குக் கீழே நிற்கிற, 15–20 அழுத்தம் (அலகைக் கீழே சொல்கிறேன்) உள்ள ஸ்டாக்கிங்ஸ், அதாவது காலை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கிற நீள சாக்ஸ், ஒரு ஜோடி, காலையில் எழுந்ததும் டேப் வைத்து அளந்த அளவுக்கு. ஆளைப் பார்த்து எல் சைஸ் என்று கொடுப்பதை வாங்காதீர்கள். அப்பாவுக்கு இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம், ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன், அதைத் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். நான் புதுச்சேரியில் ஒரு சர்ஜிகல் கடையில் இந்த ஸ்டாக்கிங்ஸுக்குக் கால் அளந்து போட்டுக் காட்டுகிற வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. மருந்து, நோய் பற்றி நான் எழுதியிருப்பது உங்கள் டாக்டரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

கால் ஏன் வீங்குகிறது என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பாதத்துக்கு இறங்கின ரத்தம் திரும்ப மேலே ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை வேலை செய்ய வேண்டும். நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தசை இறுகி, உள்ளே இருக்கிற சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது, சிரைக்குள் இருக்கிற சின்னச் சின்ன வால்வுகள் அது திரும்பி இறங்காமல் பிடித்துக்கொள்கின்றன, தெருவில் இருக்கும் அடிபம்பு மாதிரிதான், கைப்பிடியை அடித்தால்தான் தண்ணீர் ஏறும். ஏழெட்டு மணி நேரம் சீட்டில் உட்கார்ந்தே இருந்தால் அந்தத் தசைக்கு வேலையே இல்லை. காலைத் தொங்கப்போட்டிருப்பதால் ரத்தம் கீழே தேங்கி, சிரைக்குள் அழுத்தம் ஏறி, ரத்தத்தில் இருக்கும் நீர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியிருக்கிற சதைக்குள் கசிகிறது. சீட்டின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்துவதும், காலுக்கு அடியில் பையை வைத்துவிட்டு நீட்ட இடமில்லாமல் மடக்கியே வைத்திருப்பதும் இதை இன்னும் கூட்டும். ஸ்டாக்கிங்ஸ் வெளியிலிருந்து அழுத்துவதால் சிரைகள் விரிந்துகொடுப்பது குறைகிறது, உள்ளே ரத்தம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, நீர் கசிவதும் குறைகிறது. இதில் முக்கியம், அழுத்தம் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் மேலே இறுக்கி கீழே தளர்ந்திருந்தால் வீக்கத்தை நாமே உண்டாக்குகிற கதைதான்.

அந்த அழுத்தத்தைப் பெட்டியில் மி.மீ. பாதரசம் என்ற அலகில் போட்டிருப்பார்கள், பிபி பார்க்கிற அதே அலகு. 15–20 என்றால் கணுக்காலில் அவ்வளவு அழுத்தம் என்று அர்த்தம். 8–15 என்பது லேசான வகை, நாளெல்லாம் நின்று வேலை பார்க்கிறவர்கள் கால் கனக்கிறது என்று வாங்குவது. 15–20 பயணத்துக்குச் சரியான இடம். 20–30 என்பது காலில் சிரை சுருண்டு புடைத்துத் தெரிகிறவர்களுக்கும் (இதைத்தான் வெரிகோஸ் என்பார்கள்), ஏற்கெனவே கால் சிரைக்குள் ரத்தம் உறைந்து கட்டி வந்தவர்களுக்கும் டாக்டர் எழுதிக் கொடுத்து வாங்குவது. அதற்கு மேல் 30–40 என்பது பயணத்துக்கான பொருளே இல்லை. "கூட அழுத்தம் இருந்தா கூட நல்லதுதானே" என்று கேட்டு 20–30ஐ எடுக்கிறவர்கள் நிறைய. அதைப் போடவே நல்ல பலம் வேண்டும், வீட்டில் நீங்கள் இழுத்துப் போட்டுவிடலாம். பத்து மணி நேர விமானத்தில், நடுராத்திரியில் விரல் மரத்துப்போகிறது என்றால் அம்மா தனியாக அதைக் கழற்ற வேண்டுமே. தன் கையால் கழற்ற முடியாத ஒன்றை வயதானவருக்குப் போட்டு அனுப்பக் கூடாது என்பது என் அழுத்தமான கருத்து.

இப்போது மாப்பிள்ளை சொன்ன கிளாஸ் 2. இங்கேதான் புதுச்சேரிப் பக்கத்து ஜனங்கள் அதிகம் குழம்புகிறார்கள், ஏனென்றால் நம்மூரில் பாதிக் குடும்பத்துக்கு பிரான்ஸில் யாராவது இருக்கிறார்கள், அங்கேயிருந்து வருகிற பெட்டியும் இங்கே கடையில் இருக்கிற பெட்டியும் ஒரே வார்த்தையை வேறு வேறு அளவுக்குப் போடுகின்றன. பிரெஞ்சு முறையில் கிளாஸ் 1 என்றால் 10–15, கிளாஸ் 2 என்றால் 15–20, கிளாஸ் 3 என்றால் 20–36. ஜெர்மன் முறையில் கிளாஸ் 1 என்பதே 18–21, கிளாஸ் 2 என்றால் 23–32. பிரிட்டிஷ் முறையில் கிளாஸ் 1 என்றால் 14–17, கிளாஸ் 2 என்றால் 18–24. ஆக மாப்பிள்ளை பாரிஸ் பார்மசியில் வாங்குகிற பிரெஞ்சு கிளாஸ் 2 அம்மாவுக்குத் தேவையான அளவேதான், தாராளமாக வாங்கி அனுப்பலாம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு "எங்கம்மா கிளாஸ் 2 போடுறாங்க" என்று நாளைக்கு இங்கே ஒரு கடையில் கேட்டால் கைக்கு வருவது 23–32 ஆக இருக்கலாம். அதனால் கிளாஸ் என்ற வார்த்தையை மறந்துவிட்டு, பெட்டியைத் திருப்பி எண்ணைத் தேடுங்கள். எண்ணே போடாமல் "மெடிக்கல் கிரேடு" என்று மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள். அங்கே வாங்குவதானால் அம்மாவின் அளவுகளைச் செ.மீ.யில் அனுப்பி, கடையில் அளவு அட்டவணையோடு பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அங்கேயும் ஆள் இல்லாமல் குத்துமதிப்பாக வாங்கினால் இதே பிரச்சினைதான்.

அளப்பதைப் பற்றி. எங்கள் கடைக்குப் பெரும்பாலும் சாயங்காலம்தான் வருவார்கள், வேலை முடிந்து, பஸ் பிடித்து, கால் வீங்கின நிலையில். அந்த நேரத்தில் கணுக்கால் 25 செ.மீ. காட்டும், அதே ஆளைக் காலையில் வரச்சொல்லி அளந்தால் 23. பல கம்பெனி அட்டவணையில் இந்த இரண்டு செ.மீ. வித்தியாசம் ஒரு சைஸ் தள்ளிப் போய்விடும். சாயங்கால அளவுக்கு வாங்கினது மறுநாள் காலையில் தொளதொளவென்று நிற்கும், கீழே சுருங்கிச் சரியும், அப்புறம் "இதெல்லாம் வேஸ்ட்" என்று பீரோவுக்குள் போய்விடும். ஆகவே அம்மா காலையில் எழுந்து வீட்டு வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால், தையல் டேப் எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள். கணுக்கால் எலும்புக்கு மேலே எந்த இடத்தில் கால் மிக மெலிதாக இருக்கிறதோ அந்தச் சுற்றளவு, கெண்டைக்கால் எங்கே மிகப் பருமனோ அந்தச் சுற்றளவு, அப்புறம் உட்கார்ந்து பாதம் தரையில் படிய வைத்துத் தரையிலிருந்து முட்டி மடிப்பு வரைக்கும் உயரம். இரண்டு காலையும் தனித்தனியாக. டேப் தோலைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. கொலுசைக் கழற்றிவிட்டு அளங்கள், பலர் கொலுசுக்கு மேலேயே டேப்பைச் சுற்றிவிட்டு வருகிறார்கள். பெட்டியின் பின்னால் ஒரு கால் படம் போட்டு பி, சி, டி என்று எழுத்துகள் இருக்கும். பி கணுக்கால், சி கெண்டை, டி முட்டிக்குக் கீழே முடிகிற இடம். செருப்பு சைஸை வைத்து எஸ், எம், எல் என்று பிரிக்கிற அட்டவணை இருந்தால் அது சாதாரண சாக்ஸ்தான், இந்த வேலைக்கு ஆகாது.

கணுக்கால் ஒரு சைஸிலும் கெண்டை இன்னொரு சைஸிலும் விழுந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். கணுக்காலை விட்டுக்கொடுக்கக் கூடாது, ஏனென்றால் முக்கியமான அழுத்தம் அங்கேதான். அதே கணுக்கால் அளவில் கெண்டை அகலமான வகை சில கம்பெனிகளில் கிடைக்கிறது, கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் வேறு கம்பெனி அட்டவணையைப் பாருங்கள், ஒவ்வொருவரும் வேறு மாதிரி பிரித்திருப்பார்கள். கெண்டையில் பிதுங்கிக்கொண்டு நிற்கிறதைப் போட்டு அனுப்புவதை விட ஒன்றுமே போடாமல் போவது மேல்.

முட்டிவரையா தொடைவரையா என்பதற்கு என் பதில் தயங்காமல் முட்டிவரை. பயணத்தில் வீங்குவது பாதமும் கணுக்காலும் கெண்டையும்தான். தொடைவரை வருகிற வகையில் மேலே நழுவாமல் இருக்க சிலிகான் பட்டை வைத்திருப்பார்கள். நம்ம ஊர் வேர்வைக்கு அது அரிக்கும், இல்லாவிட்டால் சுருண்டு கீழே இறங்கி தொடையை நூல் கட்டின மாதிரி இறுக்கும். புடவையோ சுடிதாரோ, விமானத்துக் குறுகலான கழிவறையில் அதைச் சமாளிப்பது பெரும்பாடு. முட்டிவரை வகையை முட்டி மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்துங்கள். நீளமாக இருக்கிறதே என்று மேல் விளிம்பை மடித்துவிடக் கூடாது, மடித்தால் அந்த இடத்தில் துணி இரண்டு அடுக்காகி அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அளவு சரியாக இருக்கிற ஸ்டாக்கிங்ஸால் கூட கால் கெட்டுப்போகிற முக்கியமான இடம் இது என்று சொல்வேன்.

விரல் மூடினதா திறந்ததா என்பது நம்மவர்களுக்கு நிஜமான கேள்வி. மெட்டி கழற்ற மனமில்லாத அம்மாக்களுக்கு விரல் திறந்த வகை வசதி, செருப்பும் மாட்டலாம், விரல் நிறம் மாறுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளவும் முடியும். மெட்டி துணியில் மாட்டி இழையை அறுக்கும் என்பதால் போடும்போது மட்டும் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பாதத்தில் மாட்டி அதன் மேலே இழுத்து, பிறகு விரல் பக்கமாகக் கவரை உருவிக்கொள்ளலாம். கொலுசைக் கழற்றித்தான் ஆக வேண்டும், உள்ளே இருந்தால் அதுவே தோலில் பதிந்து புண்ணாக்கும். பாரிஸில் குளிர் என்றால் மேலே சாதா சாக்ஸ் போட்டுக்கொள்ளட்டும்.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டக்காரர்கள் போடுகிற, பாதம் இல்லாத கெண்டைக்கால் உறை வேண்டாம், நீர் பாதத்தில் போய்த் தேங்கும். வீட்டில் இருக்கிற கிரேப் பேண்டேஜைச் சுற்றி அனுப்ப வேண்டாம், பழகாத கை சுற்றினால் ஒரு சுற்று இறுக்கம், ஒரு சுற்று தளர்வு என்றுதான் வரும், நடுவில் அவிழ்ந்தால் அம்மாவால் திரும்பச் சுற்றவும் முடியாது. ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளை ஸ்டாக்கிங்ஸ் சித்தியிடம் இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்பார்கள். அது படுத்தே இருக்கிற நோயாளிக்காகச் செய்தது, உட்கார்ந்து எழுந்து நடக்கிறவருக்கு இல்லை, தவிர அது சித்தியின் கால் அளவு.

இனி அப்பா. ஸ்டாக்கிங்ஸ் கெடுதல் செய்யக்கூடிய ஆள் என்றால் முதல் வரிசையில் வருவது நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்கள். காரணம் இரண்டு. ஒன்று, சர்க்கரையும் புகைப்பழக்கமும் காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற தமனிகளைச் சுருக்கிவிடும். ஏற்கெனவே கீழே குறைவாக வருகிற ரத்தத்தை வெளியிலிருந்து அழுத்தினால் விரலுக்கு ரத்தமே போகாமல் புண்ணாகும், கறுத்துக்கூடப் போகலாம். இரண்டு, பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். துணி மடிந்து அழுத்துவதோ, குதிகாலில் உரசிப் புண்ணாவதோ அவருக்குத் தெரியவே தெரியாது. அம்மாவுக்கு வலித்தால் "ஐயோ இறுக்குது" என்று கழற்றிவிடுவார், அப்பா ஒன்றும் சொல்லாமல் பெங்களூர் வரைக்கும் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டை பிடித்துக்கொண்டு, நின்றால் விடுகிறதா, பாதம் எப்போதும் சில்லென்று இருக்கிறதா, விரலில் முடி உதிர்ந்து தோல் பளபளவென்று இருக்கிறதா, ஆறாத புண் இருக்கிறதா, பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டி, பாதத்தில் நாடி பார்த்து, கையில் பார்க்கிற பிபியையும் கணுக்காலில் பார்க்கிற பிபியையும் ஒப்பிடுகிற சோதனையைச் செய்துகொள்ளச் சொல்லுங்கள். வலியில்லாத, சில நிமிட வேலை. புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ரத்த ஓட்டமும் உணர்ச்சியும் நன்றாக இருக்கிறது, போடலாம் என்று அவர்கள் சொன்னால் சரி. அதுவரைக்கும் அம்மாவின் ஜோடியை "சும்மா போட்டுப் பாருங்க" என்று கொடுக்க வேண்டாம். இதய பலவீனம் முற்றியவர்கள், காலில் சீழ், படை, தோல் உரிதல் உள்ளவர்கள் இவர்களுக்கும் இதே பேச்சுதான்.

அம்மா விஷயத்திலும் ஒன்று கேட்க வேண்டும், பிபி மாத்திரை சாப்பிடுகிறாரா, அதில் அம்லோடிபின் இருக்கிறதா? பட்டையைத் திருப்பிப் படியுங்கள், கூட்டு மாத்திரையாக இருந்தால் இரண்டாவது பெயராகக் கூட இருக்கும். இந்த மருந்துக்கு இரண்டு கணுக்காலும் வீங்குவது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு, 5 மி.கி.யை விட 10 மி.கி.யில் அதிகம், பெண்களுக்கு இன்னும் அதிகம். சர்க்கரைக்குக் கொடுக்கிற பையோகிளிட்டசோனும் இப்படி நீர் சேர்க்கும், மூட்டு வலிக்குத் தினம் போடுகிற டைக்ளோஃபெனாக்கும் அப்படித்தான். எங்கள் கடைக்கு வந்து மாறி மாறி சைஸ் வாங்கிப் பார்க்கிறவர்களில் சிலருக்குக் கடைசியில் டாக்டர் மாத்திரையை மாற்றினதும் வீக்கம் வடிந்திருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிபி ஏறிக்கொண்டு விமானம் ஏறுவது அதைவிட ஆபத்து. பயணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, இந்த வாரமே டாக்டரிடம் பட்டையைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். ராத்திரி படுத்து எழுந்தும் வீக்கம் வடியவில்லை, முகமும் உப்புகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் அது பயண வீக்கம் இல்லை. இதயமா சிறுநீரகமா தைராய்டா என்று பார்க்க வேண்டியது, ஸ்டாக்கிங்ஸ் கேள்வி அப்புறம்.

நம்ம பகுதி என்பதால் இன்னொன்று. கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் வயதானவர்களிடம் பழைய யானைக்கால் வீக்கம் இன்னும் இருக்கிறது. 1975இல் புதுச்சேரியில் ஆரம்பித்த கொசு போன்ற நோய்பரப்பிகளைக் கட்டுப்படுத்தும் ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை நகரத்தில் ஒரு பெரிய கொசு ஒழிப்புத் திட்டமே நடத்தியது, அந்த அளவுக்கு இது இங்கே இருந்த நோய். அது சிரையில் தேங்குகிற ரத்தம் இல்லை, நிணநீர்க் குழாய் கெட்டுப்போய் வருவது, ஒரு கால் மட்டும் அல்லது ஒன்று அதிகமாக வீங்கும், தோல் தடித்திருக்கும். அதற்கும் அழுத்தம் கொடுப்பார்கள்தான், ஆனால் அடுக்கடுக்காகக் கட்டுப் போட்டு அளவைக் குறைத்துவிட்டு, பிறகு அந்தக் காலுக்கென்றே தைத்த கடினமான துணியில். கடையில் தொங்குகிற 15–20ஐ அதற்கு வாங்காதீர்கள்.

சரி, அம்மாவுக்கு வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். புறப்படுகிற அன்றைக்குத்தான் முதல் தடவை போடுவது என்று வைக்காதீர்கள். சில நாள் முன்னதாகவே வீட்டில் முதலில் இரண்டு மூன்று மணி நேரம், அப்புறம் ஒரு முழுப் பகல் போட்டுப் பார்க்கட்டும். போடுகிற விதம் இப்படி: கையை உள்ளே விட்டுக் குதிகாலைப் பிடித்து, குதிகால் வரைக்கும் உள்வெளியாகத் திருப்புங்கள். பாதத்தை அதற்குள் நுழைத்து, துணியின் குதிகால் சரியாக அம்மாவின் குதிகாலில் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் துணி எல்லாம் மேலே போய்க் குவிந்து, அழுத்தம் தலைகீழாகிவிடும். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் துணி நன்றாகப் பிடிபடும், நகமும் கிழிக்காது. கால் ஈரமில்லாமல் இருக்க வேண்டும், லேசாகப் பவுடர் போட்டால் வழுக்கி ஏறும். தேங்காயெண்ணெய் தடவிவிட்டுப் போடாதீர்கள், எலாஸ்டிக்கைக் கெடுத்துவிடும், தோல் வறண்டிருந்தால் ராத்திரி கழற்றின பிறகு தடவட்டும். போட்ட பிறகு கையால் தடவிப் பார்த்து எங்கே சுருக்கம் இருந்தாலும் நீவி விடுங்கள். முழங்காலுக்குப் பின்பக்கமும் கணுக்கால் முன்பக்க மடிப்பும்தான் சுருக்கம் ஒளிந்திருக்கிற இடங்கள். விரல் நீலமாகவோ வெளுத்தோ போனால், மரத்தால், வலித்தால் உடனே கழற்ற வேண்டும். பொறுத்துக்கொண்டால் பழகிவிடும் என்று நினைக்கிற விஷயம் இல்லை.

பயண நாளில் எத்தனை மணிக்குப் போடுவது என்பதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடைத்தாலும் பத்து மணி நேரத்துக்கும் மேல், வளைகுடா வழியாக மாறிப் போனால் இன்னும் கூட. அதற்கு முன்னால் கடலூரிலிருந்து காரில் நாலு மணி நேரம், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம். வீக்கம் கார் சீட்டிலேயே ஆரம்பித்துவிடும், ஆகவே விமானத்தில் ஏறி உட்கார்ந்தபின் மாட்டுவது தாமதம். வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். விமானம் நடுராத்திரி என்றால் சாயங்காலம்தான் புறப்படுவீர்கள், அதற்குள் கால் ஏற்கெனவே கொஞ்சம் வீங்கியிருக்கும். கிளம்புவதற்கு முன் அரை மணி நேரம் இரண்டு தலையணை மேல் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருக்கட்டும், வடிந்த பிறகு போட்டுவிடுங்கள். அங்கே போய்ச் சேர்ந்து, காலை நீட்டிப் படுக்கும்போது கழற்றிவிடலாம். இதே ஜோடியை இங்கே ரயிலிலும் போடலாம், புதுச்சேரி – டெல்லி மாதிரி நீண்ட பயணத்தில் பகலில் உட்கார்ந்திருக்கும்போது போட்டுக்கொண்டு, பெர்த்தில் நீட்டிப் படுக்கும்போது கழற்றிவிட்டால் போதும், வீக்கத்துக்காக மட்டும் போடுகிறவர்களுக்கு. ரத்தக் கட்டிக்காக டாக்டர் சொல்லிப் போடுகிறவர்கள் அவர் சொன்னபடிதான்.

ஸ்டாக்கிங்ஸ் போட்டாயிற்று என்று அசையாமல் உட்காரக் கூடாது. அது தசையின் வேலைக்குத் துணை, தசைக்குப் பதில் இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை குதிகாலைத் தரையில் ஊன்றி விரலை மேலே தூக்கி, பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, இருபது தடவை செய்யட்டும். ஓரத்து சீட் கேட்டு வாங்குங்கள், எழுந்து நடக்க யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. காலுக்கு அடியில் பை வேண்டாம், மேலே வைத்துவிடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டும், இதை அம்மாக்கள் கேட்கவே மாட்டார்கள், பஸ்ஸில் வழியில் ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துப் பழகிவிட்டார்கள், அந்தப் பழக்கம் விமானத்திலும் வந்துவிடும். அங்கே கழிவறை இருக்கிறது, ஓரத்து சீட்டும் இருக்கிறது என்று புறப்படும் முன்பே சொல்லி வையுங்கள். கட்டுச்சோற்றில் ஊறுகாய், அப்பளம், வற்றல் குறைவாக இருந்தால் நல்லது, உப்பு நீரைப் பிடித்துவைக்கும். தூக்க மாத்திரை போட்டு ஒரே பக்கமாக ஆறு மணி நேரம் தூங்க வைப்பதும் வேண்டாம்.

இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது. நீண்ட விமானப் பயணிகளிடம் நடந்த சோதனைகளைக் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வுத் தொகுப்பில் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தொடர்ந்து கவனிக்க முடிந்த 2637 பேரில் 50 பேருக்கு வெளியே அறிகுறி காட்டாத ரத்தக் கட்டி காலில் இருந்தது, அதில் ஸ்டாக்கிங்ஸ் போட்டவர்கள் 3 பேர், போடாதவர்கள் 47 பேர். வீக்கமும் போட்டவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. அதற்காகப் பயந்துவிட வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பயணம் செய்தால், விமானமோ பஸ்ஸோ ரயிலோ, ரத்தக் கட்டி வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது, ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் அது 6000 பேருக்கு ஒருவர் என்ற அளவுதான். அம்மாவுக்கு முன்பு ரத்தக் கட்டி வந்திருந்தாலோ, சமீபத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ, புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தாலோ கணக்கு வேறு, டாக்டர் ஊசி மருந்து வரைக்கும் யோசிக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று ஏறும் முன் ஒரு ஆஸ்பிரின் போடுகிற வழக்கம் இருக்கிறது. பயணத்துக்காக மட்டும் அதைப் போட வேண்டாம் என்றுதான் 2012இல் வந்த அமெரிக்க நெஞ்சக மருத்துவர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது.

போய் இறங்கின பிறகு இரண்டு காலும் ஒரே மாதிரி கொஞ்சம் வீங்கியிருந்தால் ஓரிரு நாளில் தானாக வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டை வலித்து, தொட்டால் சூடாகச் சிவந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் அவசர உதவியைக் கூப்பிடணும், பிரான்ஸில் 15, இங்கே 108. இது பயணம் முடிந்து சில வாரம் வரைக்கும் வரலாம் என்பதால் தங்கையிடமும் மாப்பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பிரசவ வீட்டு வேலையில் அம்மா தன் கால் வலியை யாரிடமும் சொல்ல மாட்டார்.

ஒரு ஜோடி போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். போக வர மட்டும் என்றால் போதும். அங்கே சமையலறையில் நாளெல்லாம் நிற்பார் என்றால் இரண்டு வாங்குங்கள், தினம் துவைக்க வேண்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் லேசான சோப்பு, கையால் அலசி, முறுக்கிப் பிழியாமல் துண்டுக்குள் வைத்து அழுத்தி, நிழலில் காயவைக்கச் சொல்லுங்கள். பாரிஸ் வீட்டில் ஹீட்டர் மேலே காயப்போட்டால் எலாஸ்டிக் போய்விடும். தினமும் போட்டால் ஆறு மாதத்துக்குள் இழுவை தளர்ந்துவிடும். போடுவது முன்பைவிடச் சுலபமாக இருக்கிறது என்று அம்மா சொன்னால், மறுபடி காலையில் அளந்து புது ஜோடி வாங்குங்கள்.